கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் கடல் தெரிந்துவிடுமா?

ஜூன் 3: வாசகர் ஒருவரின் கேள்வி

"மூன்று நாட்களாக மாலை ஐந்தரைக்குக் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு டச்சுக்குடாக் கடற்கரைக்குப் போகிறேன். இயற்கையை ஐம்புலனாலும் அனுபவியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அலை வருகிறது, போகிறது. பத்து நிமிடத்தில் கை தானாகச் சட்டைப் பையைத் தடவுகிறது. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தக் கடலில் புதிதாக என்ன இருக்கிறது? உண்மையில் யாருக்காவது ஏதாவது கிடைத்திருக்கிறதா?"

ஜூன் 3, இரவு

கிடைத்திருக்கிறது தம்பி. மூன்று நாளில் கிடைக்கவில்லை.

நான் நகரத்தில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாயிற்று. காலை எட்டரை முதல் ஐந்து வரை கணினித் திரை. வீட்டுக்கு வந்தால் கைபேசித் திரை. போன வருடம் கண் எரிச்சல் தாங்காமல் வைத்தியரிடம் போனேன். தூரத்தைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். எங்கள் ஊரில் தூரம் என்றால் கடல்தான். முதல் இரண்டு கிழமையும் உங்களைப் போலத்தான் இருந்தேன். கண் கடலில் இருந்தது, மனம் அடுத்த நாள் மாற வேண்டிய காசோலைகளை எண்ணிக்கொண்டிருந்தது.

ஐந்து புலனையும் ஒன்றாகத் திறந்துவிடச் சொல்வது வீண் என்பது என் அனுபவம். ஒரு நாளைக்கு ஒன்று போதும். கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் வையுங்கள். இப்போது கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலம். காற்று மேற்கே தரையைக் கடந்து காய்ந்து, சூடாக நம் பக்கம் வந்து கடலுக்குள் இறங்குகிறது. அதனால் நம் கரையில் கடல் குளம் போலக் கிடக்கிறது. பெரிய இரைச்சல் இல்லாததால் சின்னச் சத்தங்கள் கேட்கும். அலை விழும் சத்தம் ஒன்று. தண்ணீர் திரும்பிப் போகும்போது மணலில் நுரை உடையும் சத்தம் இன்னொன்று. அடுத்த வீட்டுக் குசினியில் யாரோ சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பது போல இருக்கும். அது அடங்கியதும் ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த நேரம் ஒன்றுமே கேட்காது. அந்த இடைவெளியை நான் முதன்முதலாகக் கேட்டது நாற்பத்தெட்டாவது வயதில். பிறந்ததிலிருந்து இதே கரையில்தான் இருக்கிறேன்.

ஜூன் 4

நேற்று எழுதியதை இரவு படுத்தபடி யோசித்தேன். "கண்ணை மூடிக்கொண்டு இருங்கள்" என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டேன்! நான் தனியாகப் போன முதல் நாட்களில் அப்படி இருக்கவே முடியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து, "தங்கச்சி, யாரும் வரவில்லையா? வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று கேட்பார். நல்ல மனத்தோடுதான் கேட்டார்கள். சிலர் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அது வேறு. அப்போதெல்லாம் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவது போல இருப்பேன். பெண்ணின் கையில் அது பல நேரங்களில் ஒரு மறைப்பு. நேரம் போக்கவென்று மட்டும் எடுப்பதில்லை. அதை வீட்டில் வைத்துவிட்டு வா என்று சொல்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

மச்சாளைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கிய பிறகுதான் எனக்குக் கண்ணை மூட முடிந்தது. ஒரே ஒரு நிபந்தனை: அரை மணி நேரம் இருவரும் பேசக் கூடாது. அவளுக்கு அது பெரிய தவம்.

ஜூன் 8

கடல் குளம் போலக் கிடக்கிறது என்று எழுதியதற்குத் திருக்கடலூர்க்காரர் ஒருவர் மறுப்பு எழுதியிருக்கிறார். "கோணேசர் கோயில் மலையடியில் கச்சானிலும் கடல் சத்தம் போடும், போய்க் கேளுங்கள்" என்கிறார். இன்னொருவர் சம்பந்தரைக் கூப்பிட்டிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டிலேயே கோணமாமலையைக் குரைகடல் சூழப் பாடியிருக்கிறாரே என்று. உடனே மூன்றாமவர், சம்பந்தர் கடல் கடந்து இங்கே வரவில்லை, இராமேச்சுரத்திலிருந்தபடி பாடினார் என்பதுதான் மரபு, அவர் எங்கே கேட்டார் என்று கேட்டிருக்கிறார்.

அவர் கேட்டாரோ இல்லையோ, நான் கேட்டுவிட்டு வருகிறேன்.

ஜூன் 9

கேட்டேன். திருக்கடலூர்க்காரர் சொன்னதே சரி.

விடியற்காலை ஐந்தரைக்குக் கோட்டை வாசலைத் தாண்டி நடந்தோம். ஆலமரத்தடியில் புள்ளிமான்கள் படுத்திருந்தன. கிட்டப் போனால் அசைபோடும் சத்தம் கேட்கிறது, ஈரமான, நிதானமான சத்தம். இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவுக்குப் பக்கத்தில், வேண்டுதல் தொட்டில்கள் கட்டியிருக்கும் மரத்தருகே நின்றோம். கீழே தண்ணீர் பளிங்கு. அலை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, கடல் மூச்சு வாங்குவது போல எழுந்து தணிகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த எழுச்சி பாறை வெடிப்புக்குள் நுழையும்போது அடியிலிருந்து "தொம்" என்று ஒரு சத்தம் வருகிறது. காதுக்கு முன் உள்ளங்காலுக்கு வருகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதால் அது தெரிந்தது. கோயிலுக்கு எத்தனை நூறு தடவை செருப்பில்லாமல் வந்திருக்கிறேன்! ஒரு தடவையாவது பாறை எனக்கு எதுவும் சொன்னதாக நினைவில்லை. அப்போதெல்லாம் நான் நிற்கவில்லை, கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

வரும் வழியில் மனம் நொந்தது. ஒரு குட்டி மான் பொலித்தீன் பையொன்றை மென்றுகொண்டிருந்தது. மச்சாள் துரத்திப் போய் இழுத்தெடுத்தாள். படம் எடுப்பதற்காக மானுக்கு பிஸ்கட் நீட்டுகிறவர்களே, பையையாவது வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஜூன் 13

பொசன் போயா என்னும் முழுநிலவு நாள் கழிந்து மூன்றாம் நாள். இன்று இரவு ஒரு நல்ல வாய்ப்பு இருப்பதால் அவசரமாக எழுதுகிறேன். போயா அன்று சூரியன் மறையும் நேரத்தில் நிலவு கடலிலிருந்து எழும். பிறகு நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தும். ஆகவே இன்று பொழுது பட்டு நன்றாக இருட்டிய பிறகுதான் நிலவு வரும். அதற்குள் நட்சத்திரம், அதன் பிறகு நிலவு, இரண்டும் ஒரே இருப்பில் கிடைக்கும். சல்லிப் பக்கம் வெளிச்சம் குறைந்த கரை நல்லது.

கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும். விழித்திரையில் மங்கிய ஒளிக்கென்று உள்ள நிறமி மெல்லத்தான் திரும்பச் சேர்கிறது. போன மாதம் மருமகனைக் கூட்டிப் போனேன். இருபத்தைந்து நிமிடம் பொறுமையாக இருந்தான். "மாமி, பால் தெளித்த மாதிரி ஒரு பட்டை தெரிகிறது" என்றான். அடுத்த நொடி மணி பார்க்கக் கைபேசியைத் திறந்தான். பட்டை போய்விட்டது. அவன் அழாத குறை. மறுபடி முதலிலிருந்து இருட்டில் உட்கார வேண்டியதாயிற்று, இருந்தான். கைபேசி இல்லாமல் போவதற்கு நான் சொல்லக்கூடிய காரணங்களில் இதுதான் சந்தேகமே இல்லாதது. மற்றவற்றை விவாதிக்கலாம்.

ஜூன் 13, பின்னிரவு

நிலவு சிவப்பாக வந்தது, மேல் ஓரம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. வேறொன்றும் எழுத மனமில்லை.

ஜூன் 22

தொடு உணர்வைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். எனக்கு அது கன்னியா.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆழமில்லாத, சதுரமாகக் கட்டிய கிணறுகள். வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டும். ஏழும் ஒரே சூடல்ல என்று சின்ன வயதில் சொல்லித் தந்தார்கள், நாங்களும் சொல்லிக்கொண்டு திரிந்தோம். கையை வைத்து வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்தது இந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

அதற்கு முன் நான் அங்கே போனது அம்மாவின் முப்பத்தோராம் நாள். எங்கள் பக்கத்தவர் அந்தியேட்டிச் சடங்குக்குக் கன்னியாவுக்குப் போவது வழக்கம். மூத்த மகள் என்பதால் எல்லாப் பொறுப்பும் என் தலையில். வான் எங்கே நிற்கிறது, ஐயர் கிளம்பிவிட்டாரா, சமையல்காரருக்கு எத்தனை பேர் என்று சொல்வது, கனடாவிலிருக்கும் தம்பிக்கு வீடியோவில் காட்டுவது. தலையில் தண்ணீர் ஊற்றும்போதுகூட அடுத்த அழைப்பை யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நாளைப் பற்றி என்னிடம் இருப்பது அழைப்புப் பட்டியல் மட்டும். தண்ணீர் சூடாக இருந்ததா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது.

இந்த முறை கைபேசியை மச்சாளின் பையில் கொடுத்துவிட்டுப் போனேன். முதலில் மணிக்கட்டின் உட்பக்கம். உள்ளங்கை தடித்துப்போயிருக்கிறது, வித்தியாசம் சொல்லாது, மணிக்கட்டு சொல்லும். ஒரு கிணறு, தாய் பிள்ளைக்கு ஆற்றிக் கொடுக்கும் பால் மாதிரி. இன்னொன்றில் கையை வைத்ததும் எடுக்கத் தோன்றுகிறது. எடுக்காமல் வைத்திருந்தால் சூடு குறைந்துவிட்டது போல ஆகிறது. தோல்தான் பழகிவிட்டது. பிறகு தலையில் ஊற்றினேன். காதுக்குப் பின்னால் இறங்கி முதுகுத்தண்டு வழியாகப் போகும்வரை அதை மட்டும் பின்தொடர்ந்தேன். மூன்றாவது வாளியில் அழுகை வந்தது. அம்மாவுக்கான அழுகை, ஒன்றரை வருடம் பிந்தி வந்தது.

ஜூலை 2

படம் எடுப்பதைப் பற்றிச் சண்டை சூடு பிடித்திருக்கிறது. நான் "கமராவைத் தூக்கினால் கண் மூடிவிடும்" என்று ஒரு பதிலில் எழுதியிருந்தேன். அதற்குச் சான்றாக அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வையும் சொன்னேன். அருங்காட்சியகத்தில் சில பொருட்களை வெறுமனே பார்க்கவும், சிலவற்றைப் படம் எடுக்கவும் சொன்னார். படம் எடுத்தவற்றைப் பற்றி மக்களுக்கு நினைவில் நின்றது குறைவு.

ஆய்வின் மறுபாதியை நான் சொல்லவில்லை. தவறு என்னுடையது. பொருளின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த நினைவுக் குறைவு ஏற்படவில்லை. எடுக்காத பகுதிகூட அவர்களுக்கு நினைவிருந்தது. ஆக, கமரா குற்றவாளி என்று முடித்துவிட முடியாது. சாம்பல்தீவிலிருந்து பறவைப் படம் எடுக்கும் ஒருவர் எழுதியிருந்தார்: ஒரு மீன்கொத்தி அதே கம்பத்துக்குத் திரும்பி வருவதற்காக இரண்டு மணி நேரம் சேற்றில் இருந்தாராம். அவருக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்? என் வாக்கியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 5

சந்தையில் பாலைப்பழம் வந்துவிட்டது. சுண்டுப் பேணியால் அளந்து கடதாசிப் பையில் போட்டுத் தருகிறார்கள். நாக்கைப் பற்றி இதுவரை ஒருவரும் எழுதவில்லையே. மஞ்சளாகச் சின்னப் பழம். கடித்ததும் முதலில் தேன் தித்திப்பு, அது தொண்டைக்கு இறங்கும்போது ஒரு கசகசப்பு, கடைசியில் உதட்டில் பால் ஒட்டிக்கொள்கிறது. பத்துப் பழம் தின்றால் மேலுதடும் கீழுதடும் பிரிய யோசிக்கும். விரலெல்லாம் பிசுபிசுப்பு, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் போகும். அதுவரை எந்தத் திரையையும் தொட முடியாது. காடு தன் பழத்துக்குள்ளேயே வைத்திருக்கும் ஏற்பாடு என்று மருமகன் சிரித்தான்.

ஜூலை 11

இதெல்லாம் ஜப்பானியர் வழக்கம், நாம் ஏன் பின்பற்ற வேண்டும் என்று கேட்டவருக்கு: காட்டுக்குள் ஐம்புலனோடும் இருந்துவிட்டு வரும் பழக்கத்துக்கு வனக்குளியல் என்ற பெயரை ஜப்பானின் வனத்துறை 1982இல் உண்டாக்கியது. அலுவலகத்திலும் நகரத்திலும் அடைபட்டுக் களைத்த மக்கள் அவர்களிடம் அப்போதே இருந்தார்கள். அந்தக் களைப்பு இப்போது எனக்கு இருக்கிறது. மருந்து எங்கிருந்து வந்தால் என்ன?

ஜூலை 19

இந்தக் கடிதத்தைப் படித்து ஒரு கிழமை பதில் எழுதவில்லை.

"கண்ணை மூடிக்கொண்டு கடலோரம் இருக்கச் சொல்லாதீர்கள். 2004 டிசம்பர் 26 காலையில் நான் கரையில் இருந்தேன். இன்றைக்கும் கடலுக்கு முதுகு காட்டி நிற்க மாட்டேன், கடல் முன்னால் கண்ணை மூடவும் மாட்டேன்."

இதை எழுதியவர் என் வயதுக்காரர். எங்கள் வீடு அன்று தப்பியது. எனக்கு அந்த இடைவெளி, அந்த ஒன்றுமே கேட்காத நொடி, இன்பம். அவருக்கு அதே நொடியில் நெஞ்சு அடைக்கிறது. கடல் பின்வாங்கிய பிறகு வந்த அமைதியைத்தான் அவர் காது தேடுகிறது. ஜூன் மூன்றாம் திகதி எழுதியதில் எனக்கு இந்த நினைவே வரவில்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு அது வராமல் போனது எனக்கே பொறுக்கவில்லை.

ஐயா, உங்களுக்குக் கடல் வேண்டியதில்லை. கந்தளாய்க் குளக்கட்டில் பொழுது படும்போது நின்று பாருங்கள். அல்லது தம்பலகாமத்தில் கதிர் பழுத்த வயல் வரம்பு. அங்கே காற்று வருவதைக் காதுக்கு முன் கண் பார்க்கும். தூரத்து மூலையில் நெல் சாயும், அந்தச் சாய்வு உங்களை நோக்கி ஓடி வரும், கடைசியில்தான் முகத்தில் படும். கண்ணைத் திறந்தே இருக்கலாம்.

கைபேசியையும் எடுத்துக்கொண்டு போங்கள். எச்சரிக்கை வந்தால் கையில் இருக்க வேண்டும். அன்று எங்கள் கரையில் ஒருவருக்கும் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை.

ஜூலை 28

மகன் டோகாவில் வேலை செய்கிறான், அவனுக்கு ஓய்வு கிடைக்கும் நேரமே மாலைதான், கைபேசியை எப்படி வைத்துவிட்டுப் போவது என்று ஒரு அம்மா கேட்டார். வைக்க வேண்டாம் அம்மா. அவர் பிறகு எழுதியதை அப்படியே தருகிறேன்: "நேற்றுக் கடற்கரையில் நின்றே பேசினேன். பேசி முடிந்தும் அவன் வைக்கவில்லை. அம்மா, பேசாமல் போனைக் கடல் பக்கம் பிடியுங்கள் என்றான். கை நோகும்வரை பிடித்தேன்."

தலைப்பில் உள்ள கேள்விக்கு ஜூன் மாதம் நான் வைத்திருந்த பதில் இப்போது என்னிடம் இல்லை.

ஓகஸ்ட் 17

உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போனேன். பார்க்க என்று போனவளைக் கயிற்றில் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள். ஈரக் கயிறு, உள்ளே மணல், உள்ளங்கையில் அரம் போல அறுக்கிறது. காலை மணலில் புதைத்துப் பின்னால் சாய வேண்டும். "ஏலேலோ" என்று ஒருவர் தொடங்க மற்றவர்கள் முடிக்கும் இடத்தில்தான் இழுப்பு. பாட்டைக் கேட்காமல் இழுத்தால் கை வீணாக நோகும்.

வலை கரைக்கு வர இரண்டு மணி நேரமாயிற்று. அதற்கிடையில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கடலைப் பார்த்தபடியே நின்றார், அறுபது தாண்டியவர். "அதோ, தண்ணீர் கறுத்திருக்கிறது, சூடை மீன்" என்றார். எனக்கு வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. "எங்கே?" "ஆலா சுற்றுகிறதே, அதற்குக் கீழே கொஞ்சம் இடப் பக்கம்." ஆலாப் பறவைகள் தெரிந்தன, கறுப்பு தெரியவில்லை. கால் மணி நேரம் கழிந்து, மேகம் விலகியபோது, கடலின் நீலத்துக்குள் ஒரு பாய் அளவு மங்கல் நகர்வதைக் கண்டேன். கண்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் அதற்குள் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பையில் கைபேசி இரண்டு தடவை அடித்தது, எடுத்துப் பேசினார், கண் கடலை விட்டு வரவில்லை.

தம்பி, மூன்று நாளில் சலித்துவிட்டது என்று எழுதியிருந்தீர்களே. அந்த மனிதருக்கு ஐம்பது வருடமாகச் சலிக்கவில்லை. அவர் கடலிடம் எதையோ தெரிந்துகொள்ளப் போகிறார். நாமிருவரும் அது நமக்கு ஏதாவது தரும் என்று போய் உட்கார்ந்தோம். அடுத்த முறை ஒரு கேள்வியைக் கொண்டுபோய்ப் பாருங்கள், எவ்வளவு சின்னக் கேள்வி என்றாலும் சரி.

செப்டெம்பர் 1

தம்பி எழுதியிருக்கிறார்! அவர் கொண்டுபோன கேள்வி: டச்சுக்குடா மணலில் உள்ள குழிகளுக்குள் நண்டு எந்த நேரத்தில் வெளியே வருகிறது? பதினோரு மாலை போயிருக்கிறார். "அக்கா, வெளியே வந்ததும் அது மணலை ஒரு கை நிறைய அணைத்துக்கொண்டு வந்து தூர எறிகிறது. எறிந்துவிட்டு நிற்கிறது. கண் இரண்டும் தீக்குச்சி போல நிமிர்ந்து நிற்கின்றன. என் நிழல் அசைந்தால் போய்விடுகிறது. அதனால் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து உட்காரப் பழகிவிட்டேன்." சட்டைப் பையைத் தடவினாரா என்று கேட்டேன். அதற்குப் பதில் எழுதவில்லை, நண்டைப் பற்றி இன்னும் இரண்டு பத்தி எழுதியிருக்கிறார்.

ஒக்டோபர் 12

மழை. பிற்பகல் மூன்று மணிக்குக் கடையில் இருந்தபோது, துளி விழுமுன் வாசனை வந்தது. காய்ந்த மண்ணில் மழை பட்டதும் எழும் வாசனைக்கு ஆஸ்திரேலியாவில் இரு ஆய்வாளர்கள் 1964இல் பெயர் வைத்தார்கள். அதில் ஒரு பங்கு மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருளிலிருந்து வருகிறது. நம்மிடம் மண்வாசனை என்ற சொல் இருக்கிறது, அது போதும். எங்கோ மேற்கே கன்னியாப் பக்கம் பெய்து, காற்று அந்த வாசனையை முந்திக் கொண்டுவந்திருக்க வேண்டும். கணக்குப் பொடியன்கள் எல்லோரும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். முதலாளியும் வந்தார். ஐந்து நிமிடம் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு சீமெந்துப் பைகளை உள்ளே இழுக்க எல்லோரும் ஓடினோம்.

நவம்பர் 9

கச்சான் போய் வாடை விழுந்துவிட்டது. கரைவலைத் தோணிகளை மேலே ஏற்றிவிட்டார்கள். டச்சுக்குடாவில் உட்காரும் இடம்வரை தண்ணீர் வருகிறது, போக வேண்டாம்.

எங்கள் வீடு கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. நேற்றிரவு மின்சாரம் போனது. ஜன்னலைத் திறந்தேன். மச்சாள் பக்கத்து அறையிலிருந்து, "கேட்கிறதா?" என்றாள். தென்னோலைச் சத்தம் என்று நினைத்தேன். காற்று ஒரு கணம் நின்றது, ஓலைகள் அடங்கின, அந்தச் சத்தம் அடங்கவில்லை.